உமரிக் களிம்பு

"கையைத் தூக்கு, அபி."

"தூக்கிட்டேன்க்கா."

"மணிக்கட்டைத் தூக்கச் சொன்னேன். முழங்கையை இல்ல."

"அதத்தான் தூக்குறேன். வர மாட்டேங்குது."

உப்பளத்துக் கொட்டகையில், களப்பணிச் செவிலி ஜெனிபர் தன் இரண்டு விரல்களை அபிநயாவின் உள்ளங்கைக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். தூக்கினால் கை வந்தது. விட்டதும் தண்ணீர் காணாத இலை மாதிரி மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"உப்பு வார்ற பலகை ஒரு வாரமா நழுவுது. காலையில கோலம் போட்டா, புள்ளி வச்ச எடம் ஒண்ணு, கோடு போற எடம் ஒண்ணு. 'நீ போடுறது கோலமா மண்புழுவா'ன்னு அத்தை கேட்டுச்சு."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அபிநயாவும் சிரித்தாள்.

"வேற என்ன செய்யுது?"

"வாயில ஆணியச் சப்புன மாதிரி ருசி. வயிறு முறுக்குது. அப்பறம் மறந்து மறந்து போவுது."

"என்ன மறக்குது?"

"தெரிஞ்சா மறக்குதுன்னு ஏன் சொல்லப்போறேன்?"

மறுபடியும் சிரிப்பு. ஜெனிபருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முந்தாநாள் ஒருத்தி தண்ணீர்ச் சொம்பை நழுவவிட்டாள். போன வாரம் இன்னொருத்தி இதே ஆணிக் கதையைச் சொன்னாள். அப்போது, "வெயில்ல வாய் கசந்திருக்கும்" என்று எழுதிவைத்துவிட்டு வந்தது இப்போது ஜெனிபரின் நெஞ்சை அரித்தது.

"அபி, கீழ் உதட்டை இழுத்துக் காட்டு."

இழுத்துக் காட்டினாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பேனாவால் போட்டதுபோல் மெல்லிய நீலக்கோடு.

"நாளைக்கு எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும்" என்றாள் ஜெனிபர்.

"எடுத்துக்கங்க. இருந்தா எடுங்க" என்றாள் அபிநயா.

வேதாரண்யத்துக்குத் தெற்கே இருந்த அந்த உப்பளத்தில் இருபத்து மூன்று பெண்கள் நண்பகலில் வேலை செய்தார்கள். மற்ற ஊர்களில் அது குற்றம். வெயில் மனிதத் தோலைத் தின்னத் தொடங்கிய பிறகு, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை திறந்தவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் உப்பு இறுகுவது அந்த நேரத்தில்தான். இருட்டிலே உப்பு விளையாது. அளங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசியில் இந்த ஒரு அளத்துக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அதற்குக் காரணம் டாக்டர் நிவேதா ஒன்பது வருடம் உழைத்துச் செய்த ஒரு பச்சைக் களிம்பு.

களிம்பைக் கொடுக்க வந்த முதல் நாள் நிவேதாவை அதிகம் குடைந்தவள் அபிநயாவின் மாமியார் தவமணி. மருமகளுக்குத் துணையாக வந்தவள், தானே விசாரணை அதிகாரி ஆகிவிட்டாள்.

"இத்தினியூண்டு களிம்பு வெயிலை எப்படித் தடுக்கும்? குடையா இது?"

"வெயிலைத் தடுக்காதும்மா. வெயில் படும்போது தோலுக்குள்ள நெருப்புப் பொறி மாதிரி ஒண்ணு கிளம்பும். அதை அணைக்க நம்ம உடம்பே ஒரு நொதியைச் சுரக்கும். இப்ப அடிக்கிற வெயிலுக்கு அது போதல. அந்த நொதியை வெளியிலேருந்து கொடுக்கிறோம்."

"மேல பூசுனா உள்ள எப்படிப் போவும்? வருசம் பூரா உப்புத் தண்ணியில நிக்கிறோம், உடம்பு என்ன கருவாடாவா ஆயிடுச்சு?"

"நல்ல கேள்வி. தோல் செங்கல் சுவர் மாதிரி. நடுவுல சாந்துக்குப் பதிலா கொழுப்பு. நொதி ரொம்பப் பெரிசு, நுழையாது. உங்க வரப்புல உமரிச்செடி கிடக்குதில்ல? அதுலேருந்து ஒரு சத்து எடுத்திருக்கோம். அது அந்தச் சாந்தை இளக்கி வழி விடும்."

"அப்ப கதவத் தொறந்து உடுறீங்க."

"ஆமா."

"தொறந்த கதவுல நீங்க அனுப்புற ஆளு மட்டும்தான் வருவானாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நிவேதாவும் சிரித்தாள். "ஆறு மணி நேரத்துல கதவு தானா மூடிக்கும்மா. அதுவரைக்கும் வேற எதுவும் பூசக் கூடாது. தினமும் ஜெனிபர் கேப்பாங்க."

ஜெனிபர் தினமும் கேட்டாள். பவுடர்? இல்லை. வாசனை எண்ணெய்? இல்லை. வேறு களிம்பு, தைலம், மஞ்சள்? இல்லை, இல்லை, இல்லை. பதினோரு மாதம், இருபத்து மூன்று பேர், ஒரே பதில். ஒருத்திகூடப் பொய் சொல்லவில்லை.

ரத்த முடிவு வந்த அன்று நிவேதா சென்னையிலிருந்து ரயிலேறிவிட்டாள்.

"ஈயம்" என்றாள், கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி. "பதினாலு பேர் ரத்தத்துல ஈயம். அதுல அபிநயாவுக்கு எல்லாரையும்விட மூணு மடங்கு."

"களிம்புலயா மேடம்?"

"பதினோரு மாசத்து மாதிரியும் திரும்பச் சோதிச்சாச்சு. களிம்பு சுத்தம்."

"அப்ப தண்ணி?"

"தண்ணின்னா இருபத்து மூணு பேருக்கும் இருக்கணுமே. ஒன்பது பேருக்கு ஒண்ணுமே இல்ல."

இரண்டு நாள் எல்லாவற்றையும் சுரண்டினார்கள். கொட்டகைக் கதவின் பெயிண்ட், சோற்று டப்பா, மோட்டார் பேட்டரி, குடிக்கிற குடம். எதிலும் இல்லை. மூன்றாம் நாள் நிவேதா எல்லோருடைய படிவங்களையும் தரையில் பரப்பி வைத்து, ஈயம் உள்ளவர்களை ஒரு பக்கமும் இல்லாதவர்களை ஒரு பக்கமும் பிரித்தாள்.

"வயசு? இல்ல. வீடு இருக்கிற தெரு? இல்ல. ஜெனிபர், இங்க வாங்க. திருமண நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க."

ஜெனிபர் குனிந்து பார்த்தாள். ஒரு தடவை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"மேடம், பதினாலு பேருக்கும் புருஷன் இருக்கு."

"இந்த ஒன்பது பேர்?"

"ஏழு பேருக்கு இல்ல, செத்துட்டாங்க. ரெண்டு பேரு கல்யாணமே பண்ணிக்கல."

"புருஷன் உள்ளவங்களுக்கு மட்டும் வர்ற விஷம்" என்றாள் நிவேதா மெதுவாக.

"நானே கல்யாணம் பண்ணுனவதான் மேடம், அப்படி ஒண்ணு இருந்தா எனக்கு என்னைக்கோ வந்திருக்கணும்."

நிவேதா சட்டென்று நிமிர்ந்தாள். "புருஷங்க என்ன வேலை?"

"கடலுக்குத்தான்."

"வலையில குண்டு கட்டுவாங்கல்ல, அது என்ன?"

ஜெனிபர் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஈயக் குண்டு!"

"அவ்வளவுதான். அவன் ஈயத்தைத் தொட்ட கையோட வீட்டுக்கு வர்றான். பொண்டாட்டி தோல் திறந்து கிடக்கு. முடிஞ்சுது." நிவேதாவின் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. களிம்பு பிழைத்துவிடும் என்ற நிம்மதி அது. "அதிகமா ஏறியிருக்கிறது அபிநயாவுக்கு. அவ வீட்டு வலையிலேருந்து ஆரம்பிப்போம்."

ஜெனிபர் எழுந்திருக்கவில்லை.

"என்ன?"

"அவ வீட்ல வலை இல்ல மேடம். அவ புருஷன் அன்பரசன் கடலுக்குப் போய்ப் பதினாலு மாசம் ஆவுது. படகோட மூணு பேரு. புயலுக்கு மறுநாள் ரெண்டு பேரு கரை ஒதுங்குனாங்க, பொணமா. அவன் மட்டும் வரல."

"அப்ப படிவத்துல ஏன் மணமானவர்னு எழுதுனீங்க?"

"வேற எதை எழுதச் சொல்றீங்க?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் அபிநயாவின் வீட்டுக்குப் போனார்கள். கான்கிரீட் வீடு. அரசு கட்டிக்கொடுத்தது. உள்ளே அபிநயா தரையில் உட்கார்ந்து முகத்துக்கும் கழுத்துக்கும் இடது கையால் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். எதிரே தவமணி, மடியில் ஒரு பித்தளைச் சிமிழ்.

"வாங்க டாக்டரம்மா. இவ கைக்கு என்னன்னு கண்டுபுடிச்சீங்களா?"

"அதுக்குத்தான் வந்திருக்கோம். வீட்டைக் கொஞ்சம் பாக்கணும்."

"பாருங்க. ஒளிச்சு வைக்க என்ன இருக்கு? அபி, நெத்தியக் காட்டு. நேரமாவுது."

தவமணி களிம்பு டப்பாவிலிருந்து நுனிவிரலில் ஒரு பொட்டு எடுத்து மருமகளின் நெற்றியில் வைத்தாள். கொஞ்சம் வட்டமாகத் தேய்த்தாள். சிமிழில் விரலை அழுத்தி, ரத்தச் சிவப்பாக வந்த குங்குமத்தை அதன் மேல் ஒற்றினாள். வகிட்டிலும் அப்படியே. பிறகு தாலியை வெளியே எடுத்து அதிலும் ஒற்றி, மார்பின் களிம்பு மேலேயே விட்டாள்.

நிவேதா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா, இது என்ன?"

"எது?"

"களிம்பு வச்சு, அதுக்கு மேல..."

"அதுவா! முன்னெல்லாம் மெழுகு வச்சு அதும்மேல குங்குமம் வைப்போம், அப்பத்தான் நிக்கும். உப்பளத்து வேர்வைக்கு மெழுகும் ஓடிப்போயிடும், ஸ்டிக்கரும் பத்து நிமிசத்துல வரப்புல கெடக்கும். உங்க களிம்பு இருக்கு பாருங்க, அதுல வச்சா சாயங்காலம் வரைக்கும் அசையாது." தவமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் கண்டுபுடிச்சேன். எல்லாப் புள்ளைங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எல்லாருக்குமா?"

"புருசன் உள்ளதுங்களுக்கு."

ஜெனிபர் அபிநயாவின் பக்கம் திரும்பினாள். "தினமும் கேட்டேனே அபி. வேற எதாச்சும் உண்டான்னு தினமும் கேட்டேனே."

"வேற எதுவும் இல்லியேக்கா."

"இந்தக் குங்குமம்?"

அபிநயா விழித்தாள். "இது எப்பவும் இருக்கறதுதான? மூக்கு இருக்கான்னு நீங்க கேக்கல, நானும் சொல்லல."

ஜெனிபர் கிறிஸ்தவப் பெண், பொட்டு வைப்பதில்லை. பதினோரு மாதம் இந்த நெற்றிகளுக்கு நேரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறாள்.

"அவளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிசா வைக்கிறீங்க?" என்று நிவேதா கேட்டாள்.

"அவன் இருக்குற எடத்துலேருந்து தெரிய வேணாமா?" என்றாள் தவமணி. அதைச் சொல்லும்போது அவள் வாசல் பக்கம் பார்த்தாள். "சாயங்காலம் வந்து குளிச்சதும் களிம்பு போட்டு மறுபடி வைப்பேன். கலையக் கூடாது பாருங்க."

குங்குமத்தில் ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டாள் நிவேதா. திருவிழாக் கடையில் பொட்டலமாக விற்ற மலிவுச் சரக்கு. பளிச்சென்ற சிவப்புக்காக ஈயச் செந்தூரம் கலந்தது என்று மதியமே சோதனை சொல்லிவிட்டது. களிம்பு இல்லாமல் நூறு வருடம் அதை நெற்றியில் வைத்திருந்தாலும் தோல் அதை உள்ளே விட்டிருக்காது.

சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து, களிம்புக் கம்பெனியின் திட்ட மேலாளர் ஸ்ரீகாந்தைப் போனில் கூப்பிட்டாள்.

"களிம்புல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சில்ல மேடம்? கங்கிராட்ஸ்."

"தப்பு இல்லைன்னு நான் சொல்லலை. கதவைத் திறந்தது நாம."

"விஷம் வித்தவன் எவனோ. நாம எதுக்கு மேடம் தலையைக் கொடுக்கணும்? ஃபார்ம்ல ஒரு வரி சேத்துடலாம். நெற்றி, வகிடு, கழுத்து, எதுலயும் எதுவும் கூடாது."

"சுத்தமான குங்குமம் வாங்கிக் கொடுத்தா என்ன?"

"எது சுத்தம்னு யார் கையெழுத்துப் போடறது? நீங்க போடுவீங்களா? மஞ்சள், சுண்ணாம்பு, ஸ்டிக்கர் பசை, எது வச்சாலும் உள்ள போகும்னு நீங்கதானே கட்டுரை எழுதியிருக்கீங்க."

நிவேதா எழுதியிருந்தாள்.

"இல்லைன்னா ஒரு சிம்பிளான வழி இருக்கு. அடுத்த ஊர்ல ஆள் எடுக்கும்போது புருஷன் இல்லாதவங்களா எடுத்துடுவோம். அவங்க ஒன்பது பேரும் ஜோரா இருக்காங்களே."

"என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா ஸ்ரீகாந்த்?"

"டேட்டா சொல்றதைத்தான் மேடம் சொல்றேன்."

பரிசோதனையையே நிறுத்திவிடலாம் என்றுதான் நிவேதா முதலில் நினைத்தாள். அதைச் சொன்னதும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். களிம்பு இல்லையென்றால் விலக்கு இல்லை. விலக்கு இல்லையென்றால் அளம் இல்லை. "எங்களுக்கு ஈயமே பரவால்ல" என்று ஒருத்தி சொன்னாள், விளையாட்டாக இல்லை. ஒன்பது வருட உழைப்பும் நிவேதாவின் காதில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் புது வரியை வேலை அனுமதி அட்டையில் அச்சடித்துக் கொடுத்தாள். களிம்பு பூசும் இடத்தில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அனுமதி அட்டை ரத்து.

பதின்மூன்று பெண்கள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். களிம்பு பூசி ஆறு மணி நேரம் கழிந்ததும், சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குள் சமாதானம். அவர்கள் புருஷன்மார் ராத்திரி வீட்டில் இருப்பார்கள், கண்ணால் பார்ப்பார்கள், அது போதும்.

அபிநயா அட்டையை வாங்கிக்கொள்ளாமல் நின்றாள்.

"மேடம், உங்ககிட்ட தனியாப் பேசணும்."

கொட்டகைக்குப் பின்னால் உமரி படர்ந்த வரப்பில் நின்று பேசினார்கள்.

"நான் குங்குமத்த எடுக்க முடியாது மேடம்."

"அபி, உன் கையைப் பாரு. மருந்து கொடுத்து ஈயத்தை வெளியே எடுக்கலாம். ஆனா ஒரு பக்கம் எடுக்க எடுக்க இன்னொரு பக்கம் ஏறுனா? அடுத்தது மூளை. மறதி வருதுன்னு சொன்னியே."

"அப்ப களிம்ப விட்டுர்றேன். வேலைய விட்டுர்றேன்."

"விட்டா?"

"தெரியல. அத்தைக்கு என்ன போடுறது? மீன் காயப்போடக்கூட வெயில்ல நிக்கணும்."

"சாயங்காலம் வச்சுக்கலாமே. மத்தவங்க மாதிரி."

"மத்தவங்களுக்கு ஆளு கண்ணு முன்னாடி இருக்கு. அவங்க பகல்ல வெறும் நெத்தியா நின்னா வேலைக்காகன்னு ஊரு சொல்லும். நான் ஒரு வேளை வெறும் நெத்தியா நின்னா என்ன சொல்லும்?"

நிவேதா தயங்கிக் கேட்டாள். "அபி, அவர் வருவார்னு நீ நம்புறியா?"

அபிநயா பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு வெள்ளையாகத் தோல் கட்டத் தொடங்கியிருந்தது.

"இல்ல மேடம். மூணாம் நாளே தெரியும். சேர்ந்து போனவங்க ரெண்டு பேரையும் நான் பாத்தேன். ஆனா பொணம் இல்ல, பேப்பர் இல்ல. ஏழு வருசம் கழிச்சுத்தான் கவருமெண்டு செத்துட்டான்னு சொல்லுமாம். அதுவரைக்கும் என் நெத்திதான் பேப்பர். அத்தை தினமும் காலையில எழுந்து அதப் படிச்சுப் பாத்துட்டுத்தான் காப்பி குடிக்குது. நான் அழிச்சா நான்தான் அவரக் கொன்ன மாதிரி ஆயிடும்."

"அத்தைகிட்ட நான் பேசட்டுமா?"

"அது கண்டுபுடிச்சதுதான் இவ்வளவு பேருக்கும் வெசம் வச்சிருக்குன்னு அதுக்கு இன்னும் புரியல. புரியற மாதிரி நீங்க பேசிடுவீங்க. வேணாம்."

ஆனால் பேச வேண்டியிருக்கவில்லை. ஊரில் எல்லோரும் பேசிவிட்டார்கள். அன்று மாலையே தவமணி தெரு நடுவில் நின்று, "நானா? நானா வச்சேன்?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனதாகவும், ஒருத்தரும் பதில் சொல்லவில்லை என்றும் ஜெனிபர் போனில் சொன்னாள். நிவேதா அதற்குள் ரயிலில் இருந்தாள்.

அபிநயா நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். தலையில் துண்டைப் புருவம் வரை இறக்கிக் கட்டியிருந்தாள். ஜெனிபர் துண்டைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் நெற்றி. வகிடும் வெறுமை. தாலி ரவிக்கைக்கு வெளியே, துணியின் மேல்.

"அத்தை என்ன சொன்னாங்க, அபி?"

"ஒண்ணும் சொல்லல."

"உங்கூடப் பேசுறாங்களா?"

"பேசுது, பேசுது. அட்டையக் குடுங்கக்கா."

இரண்டு மாதம் கழித்து நிவேதா மறுபடியும் வந்தபோது கோடை உச்சியில் இருந்தது. பத்தரை மணிக்குப் பாத்திகளைப் பார்க்கக் கண் கூசியது. கொட்டகைக்குள் ஜெனிபர் முடிவுகளை நீட்டினாள். அவள் குரலில் உற்சாகம்.

"பதினாலு பேருக்கும் இறங்கிடுச்சு மேடம். அபிக்குப் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. அபி, மேடத்துக்குக் கையைக் காட்டு."

அபிநயா வலது கையை நீட்டி மணிக்கட்டை மெதுவாக உயர்த்தினாள். கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நின்றது.

"கோலம்?" என்று கேட்டாள் நிவேதா.

"மண்புழு பாம்பாயிருக்கு. இன்னும் கோலமாவல."

நிவேதா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஊரில் அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. "துண்டை எடு. முகத்துத் தோலைப் பாக்கறேன்."

"வேணாம் மேடம், இப்பத்தான் கட்டுனேன்."

"எடும்மா."

அபிநயா துண்டை அவிழ்த்தாள்.

நெற்றி நடுவே, புருவங்களுக்குச் சற்று மேலே, வட்டமாகச் சிவப்பு.

நிவேதாவின் சிரிப்பு நின்றது. "ஜெனிபர்! தினமும் பாக்கறீங்களா இல்லையா?"

"மேடம், போன வாரம் வரைக்கும் லேசா... வேர்க்குருன்னு சொன்னா..."

"இவ்வளவு சொல்லியும் மறுபடி வச்சிருக்கே, அபி." நிவேதா பஞ்சை நனைத்து, கோபத்தோடு அந்த வட்டத்தை அழுத்தித் துடைத்தாள்.

அபிநயா பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். பஞ்சில் சிவப்பு ஒட்டவில்லை. கொஞ்சம் நீர் மட்டும் ஒட்டியிருந்தது, தெளிவான மஞ்சள் நீர்.

"அது வராது மேடம்" என்றாள் அபிநயா.

நிவேதா குனிந்து பார்த்தாள். குங்குமம் இல்லை. புண். ஓரம் கொஞ்சமும் பிசகாமல் வட்டமாக, தோல் வெந்து உரிந்து, உள்ளே சதை சிவந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த தோலோ களிம்பின் காப்பில் மழமழவென்று குழந்தைத் தோல் போல இருந்தது.

"இந்த இடத்துல நீ களிம்பு பூசலையா?"

"பூசல."

"வேணும்னே விட்டியா?"

"அந்த எடத்துல வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? வைக்கல. களிம்ப விடக் கூடாதுன்னு அட்டையில இல்லியே."

நிவேதா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அபி, நான் சொல்றதைக் கேளு. ஒரு வருஷமா அந்தத் தோலுக்கு நொதியை நாமதான் ஊட்டிட்டிருந்தோம். அது தானாச் சுரக்கறதையே மறந்திருக்கும். அங்க இப்ப ஒரு காப்பும் இல்ல. இந்த வெயில் அதைத் தின்னுட்டே உள்ள போகும். ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, புத்துநோயா மாறிடும். புரியுதா?"

"புரியுது."

"ஏழு வருஷம் தாங்காது."

"தாங்குற வரைக்கும் இருக்கட்டும்."

"உன்னைத் திட்டத்துலேருந்து எடுத்துட்டா?"

"எடுத்துடுங்க. ஆனா என்னை மட்டும் எடுக்க முடியாது."

நிவேதா திரும்பினாள். வரிசையில் நின்ற பெண்கள் யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. முதலாவதாக நின்றவள் தானாகவே துண்டை அவிழ்த்தாள். அடுத்து நின்ற இருவரும் அவிழ்த்தார்கள். ஒருத்திக்கு வெளிர் சிவப்பு, ஒருத்திக்குக் கொப்புளம், ஒருத்திக்கு உரியத் தொடங்கிய தோல். அபிநயாவோடு சேர்த்து நான்கு நெற்றிகளில் நான்கு வட்டம்.

"நீங்க எதுக்கும்மா?" என்றாள் நிவேதா. "உங்க வீட்டுக்காரங்கதான் இருக்காங்களே."

"இருக்காங்க" என்றாள் முதலாவதாக நின்றவள். "கடலுக்குத்தான தினமும் போறாங்க? இவ வச்சிருக்கறப்ப நாங்க வெறும் நெத்தியா நின்னா, எங்களுக்கு மனசு கேக்குமா?"

ஜெனிபர் படிவக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நிவேதா அபிநயாவின் நெற்றியை மறுபடியும் பார்த்தாள். அவ்வளவு திருத்தமான வட்டம் கையால் வராது.

"இதை எப்படிச் செய்யறே? கண்ணாடி பாத்தா?"

"நான் செய்யல மேடம். அத்தைதான். ஒரு மாத்திரை டப்பா மூடிய நெத்தியில வச்சு அழுத்திப் புடிச்சுக்கும். சுத்தி நான் களிம்பு பூசுவேன். பூசுனப்பறம் மூடிய எடுத்துட்டு, ஓரத்துல பட்டிருந்தா துணியால ஒத்தி எடுத்துடும். யாருக்கும் வெசம் போயிடக் கூடாதுன்னு அதுவேதான் யோசிச்சுக் கண்டுபுடிச்சிச்சு. அதுலேருந்துதான் எங்கூடப் பேசுது."

"வலிக்கலையா உனக்கு?"

"பதினோரு மணிக்கு மேல வலிக்கும்." அபிநயா துண்டை எடுத்து, வட்டத்தின் மேல் படாதபடி வகிட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டாள். வெளியே உப்பு இறுகிக் காத்திருந்தது. "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அத்தை மொதல்ல கேக்கறது அதத்தான். இன்னைக்கு எரிஞ்சுதாடின்னு கேக்கும். எரிஞ்சுது அத்தைன்னு சொல்லுவேன். அப்ப அது கும்புட்டுக்கிட்டுச் சொல்லும், எம்புள்ள உசுரோட இருக்கான்னு."

பலகையை வலது கையில் எடுத்துக்கொண்டு அவள் பாத்திக்குள் இறங்கினாள்.